இரண்டு பிரேமானந்தர்களின் சாவு

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று நோக்கினால் வடக்கே திருவரங்கம். தெற்கே புதுக்கோட்டைச் சாலை. திருவரங்கத்திலே பள்ளிகொண்ட அரங்கன் வாய் திறந்து நாம் கண்டதில்லை. புதுக்கோட்டைச் சாலையிலே, பாத்திமா நகர் ஆசிரமத்திலே வீற்றிருந்த பிரேமானந்தா சாமியாரோ மகாசிவராத்திரியன்று வாயைத் திறந்தார், லிங்கம் விழுந்தது! கையை அசைத்தார், திருநீறு கொட்டியது! படித்தவரும் கடல்கடந்து வந்த வெள்ளையரும் கைகட்டி நின்றனர்.

வித்தை என்ன? சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து, உருட்டி, காயவைத்து, விரலிடுக்கில் ஒளித்து நசுக்கினால் திருநீறு. இத்தகைய வித்தைகளை ஊர்ஊராகச் சென்று உடைத்துக் காட்டியவர் கோவை போத்தனூர் பி. பிரேமானந்த். பெயரில் ஓரெழுத்து வேறுபாடு. வாழ்வில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

சாமியார் இலங்கை மாத்தளையில் பிறந்தவர். 1983 இனக்கொலைக்குப் பின் 1984இல் தமிழகம் வந்தார். நாடிழந்து, பெற்றோரை இழந்து வந்த சிறுமியர் அவர் நிழலில் வளர்ந்தனர். 1994இல் பெண்கள் தப்பி வந்து வாய் திறந்தபோதுதான் அந்த நிழல் எத்தகையது என்று நாடு அறிந்தது. 13 பெண்கள்மீது வன்கொடுமை! ஓர் இளைஞரைக் கொன்று ஆசிரம மண்ணிலேயே புதைத்த கொடுமை! ராம் ஜெத்மலானியே வந்து வாதாடினார். ஆயினும் கலைக்கப்பட்ட கருவின் மரபணு, தந்தை யாரென்று சொல்லிவிட்டது. 1997இல் புதுக்கோட்டை நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். எந்தத் தண்டனைக் குறைப்பும் கூடாதென்றும் எழுதினார். 2002இல் சென்னை உயர்நீதிமன்றமும் 2005இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. லிங்கம் கக்கிய வாய்க்குச் சிறைப்பூட்டைத் திறக்கும் மந்திரம் வரவில்லை!

2011 பிப்ரவரி 21. சிவராத்திரிக்கு ஒன்பது நாள் இருக்கையில், 59ஆம் வயதில், சாமியார் நோயுற்று இறந்தார். தண்டனைக் கைதி ஒருவர் இறந்தார், செய்தி அவ்வளவே. அடியார்களோ 'மகாசமாதி' என்றனர். வழக்கே பொய் என்றனர். சமாதியிலிருந்து அருள் சுரக்கிறதாம்!

மாண்டவரை ஏச நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு. இந்தப் புராணத்தில் அதிசயங்களுக்கு இடமுண்டு. அந்த 13 பெண்களுக்கு இடமெங்கே? அவர்கள் சொன்னது பொய், மூன்று நீதிமன்றங்கள் சொன்னது பொய், சமாதியின் மௌனம் மட்டும் மெய்யா? சமாதிக்கு விழும் ஒவ்வொரு மாலையும் அப்பெண்களைப் பொய்யர் என்று தூற்றும் தூற்றலல்லவா?

மற்றவர் சாவையும் பாருங்கள். போத்தனூர் பிரேமானந்த் 2009 அக்டோபர் 4இல் மறைந்தார். நாத்திகர் சாகும்போது கடவுளை அழைத்தார் என்று கதைகட்டும் கூட்டத்தை அவர் நன்கறிவார். ஆகவே, தாம் இறுதிவரை பகுத்தறிவாளரே என்று நோய்ப்படுக்கையிலிருந்தே அறிக்கை விடுத்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்கு அளித்தார். அவருக்கு முன்பே, இலங்கையில் வாழ்ந்து 1978இல் மறைந்த ஆபிரகாம் கோவூர், கண்களையும் உடலையும் கொடுத்துச் சென்றார். அவர் எலும்புக்கூடு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமாயிற்று.

தோழர்களே! திருச்சியிலும் திருவரங்கத்திலும் தெருமுனைக் கூட்டம் போடும்போது சாம்பல் உருண்டையை நசுக்கிக் காட்டுகிறீர்கள், நன்று. கூட்டம் கைதட்டிக் கலையுமுன், 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.