நம்ம பசங்களை எடு!

ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். பி.காம். படித்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

பவன் ஷெராவத் என்ற கபடி வீரரை 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அன்றைய தேதிக்குப் புரோ கபடியில் அதுதான் உச்ச விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்த சீசன் அவருக்கு அத்தோடு முடிந்தது. 2023-ல் தெலுங்கு டைட்டன்ஸ் அதே ஆளை 2.605 கோடிக்கு எடுத்தது. 2025-ல் தலைவாஸ் மறுபடியும் வாங்கியது. இந்த முறை 59.5 லட்சம். சீசன் நடுவிலேயே ஒழுங்கு நடவடிக்கை என்று அறிவித்து வீட்டுக்கு அனுப்பியது. அவர் அதை மறுத்தார். எந்த ஆடிட்டரும் இப்படி ஒரு தேய்மானக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்.

வேடிக்கை அதுவல்ல. பவன் இல்லாத அந்த 2022 சீசனில்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் நரேந்தர். அதற்கு முன்பு பெயரே கேள்விப்படாத, ‘புதிய இளம் வீரர்’ என்ற பிரிவில் வந்த பையன். 200 ரெய்டு புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். இதற்கு நேர்மாறானது 2019. அஜய் தாக்குர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் என்று பெரிய பெயர்களாக அடுக்கி வைத்திருந்தும், 12 அணிகளில் கடைசி இடம்.

இத்தனை ஆன பிறகும், ஏலம் வருகிறது என்றால் நாம் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம்?

போன சீசனில் - நான் சொல்வது குற்றால சீசன் - ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. தலை துவட்டாமல் நாலு கல்லூரிப் பையன்கள் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி கொடுத்தது சரியா தப்பா, அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல கார்னர் ஆளை எடுத்திருக்கலாமா என்று. அவர்கள் சொன்ன புள்ளிவிவரம் ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசியில் ஒருத்தன், “வெளியூர்க்காரன் எதுக்குலே, நம்ம பசங்கள எடுக்கச் சொல்லுலே” என்று முடித்தான்.

“நம்ம பசங்கன்னா யாரு தம்பி? உங்க காலேஜ் டீம்ல நல்லா பாடிப் போறவன் யாரு?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பையன் சொன்னான்: “ஒருத்தன் இருந்தான் அண்ணாச்சி. செலெக்சனுக்குப் போன எடத்துல மொதமொதல்ல மேட்ல எறங்கிருக்கான். கால் பிசகிட்டு. இப்பம் சாயங்காலம் பார்டர்ல பரோட்டாக் கடையில சப்ளையரா நிக்கான்.”

செங்கோட்டை ரோட்டில் பிரானூர் பார்டர் பரோட்டா சாப்பிடாமல் யாரும் குற்றாலத்திலிருந்து ஊர் திரும்புவதில்லை. அந்தப் பையன் உங்கள் இலையிலும் பரிமாறியிருக்கலாம்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு திருவிழா உண்டு. அவர்கள் ஊர் ஃபுட்பால் லீக்கில் வருஷா வருஷம் கல்லூரி வீரர்களை வரிசையாகப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை. ரசிகர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். எந்தப் பையனை எடு என்று அந்த ரசிகன் கத்துகிறானோ, அவனை மூணு வருஷமாகக் கல்லூரி ஆட்டத்தில் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறான். நாம் பார்க்காமலே போடுகிறோம்.

நமக்கு அப்படி ஒரு வாசல் இல்லையே என்று சொல்லாதீர்கள். இருக்கிறது. 2022-ல் பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் முதல் இரண்டு இடம் பிடித்த கபடி அணிகளின் 24 பேரையும் அந்த வருஷப் புரோ கபடி ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆக, கல்லூரியிலிருந்து ஏலத்துக்கு ஒரு பாதை போகிறது. தென்காசிப் பையனுக்கு அந்தப் பாதை எங்கே ஆரம்பிக்கிறது? மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில். அதைப் பார்க்க ஒருநாளாவது போயிருக்கிறீர்களா? மைதானத்தில் இரண்டு அணி, இரண்டு உடற்கல்வி ஆசிரியர், நாலு நண்பர்கள். நடுவர் விசில் ஊதினால் எதிரொலி கேட்கும்.

திறமைக்குப் பஞ்சமா என்ன? பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து மணத்திக்காரர்தான் கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், 1995-ம் வருஷத்து அர்ஜுனா விருதுக்காரர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் ‘பைசன்’ வந்தபோது தியேட்டரில் விசிலடித்தோம். தமிழ் தலைவாஸ் என்று ஓர் அணி பிறப்பதற்கு முந்தின வருஷம், 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கியதே, அதன் கேப்டன் யார்? தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன்.

கோயில் கொடை என்றால் இன்றைக்கும் நம் ஊர்களில் ராத்திரி லைட்டைப் போட்டுக் கபடி நடக்கிறது. 55 கிலோ, 60 கிலோ என்று எடை வைத்து ஆடுகிறார்கள். செம்மண் தரை, வெறுங்கால். ஆனால் புரோ கபடியில் 85 கிலோ வரை ஆடலாம், ஆட்டம் மேட்டில், காலில் ஷூ. மண்ணில் கால் வழுக்கிக்கொடுக்கும், மேட் பிடித்துக்கொள்ளும். மண்ணிலேயே பழகியவன் அதே வேகத்தில் மேட்டில் திரும்பினால் உடம்பு திரும்பும், முட்டி திரும்பாது. பிறகு “நம்ம பசங்களுக்கு ஸ்டாமினா பத்தாது” என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதுவோம்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார். நல்லது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு கூரை, அதன் கீழே ஒரு மேட், வாரத்துக்கு மூணு நாள் ஒரு கோச் என்று ஏன் யாரும் கேட்கவில்லை? குளிக்க வருகிறவர்களுக்கு வசதி போதவில்லை என்று வருஷா வருஷம் எழுதுகிற நாமும் - பத்திரிகைக்காரர்களைத்தான் சொல்கிறேன் - இதை எழுதவில்லை.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். குற்றாலத்தில் 1964-ல் ஆரம்பித்த ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு பெண் எவ்வளவு பிரமாதமாகக் கபடி ஆடினாலும் புரோ கபடி ஏலத்தில் அவளுக்கு இடம் கிடையாது. 2016-ல் மூணு அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்திப் பார்த்தார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கினாரே கண்ணகி நகர் கார்த்திகா, அவருக்கு அரசு 25 லட்சம் கொடுத்தது. அதே போட்டியில் ஆண்கள் அணியில் தங்கம் வாங்கிய வடுவூர் அபினேஷுக்கும் 25 லட்சம். சமமான பரிசு, சந்தோஷம். ஆனால் நாளைக்கு ஏல மேடையில் ஏற அபினேஷுக்கு வழி இருக்கிறது. “கார்த்திகாவை எடு” என்று நீங்கள் கத்தத்தான் நினைத்தாலும், யாரைப் பார்த்துக் கத்துவீர்கள்?

அணி முதலாளிகளையும் விடுவதாக இல்லை. ‘தமிழ்’ என்ற பெயரை அவர்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. கணக்குப் பாஷையில் அதற்கு குட்வில் என்று பெயர். பெரிய சொத்து. அந்தச் சொத்தைக் கொடுத்தது நாம். பதிலுக்கு நாம் கேட்க வேண்டியது, “ரெண்டு தமிழ்ப் பசங்களை பெஞ்சில் உட்கார வை” என்பதல்ல. அது பிச்சை. “ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கல்லூரிப் போட்டிக்கும் உங்கள் ஆள் ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தோடு வரணும், ஏலத்தில் ஒரு ஸ்டாருக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கை மேட்டுக்குக் கொடுக்கணும்” என்பது நியாயமான வியாபாரம். 2.26 கோடியில் பத்தில் ஒன்று 22 லட்சத்து 60 ஆயிரம். ஒரே ஆட்டத்தில் நொடித்துப்போன முதலீட்டோடு வைத்துப் பார்த்தால் சில்லறைதான்.

நீங்கள் தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து ஆள் என்றால் நாளைக்கே ஒரு வேலை செய்யலாம். பக்கத்துக் கல்லூரிக்குப் போய் உடற்கல்வி இயக்குநரிடம், “சார், இந்த வருஷம் கபடி இன்டர் காலேஜ் எந்தத் தேதி, எந்த ஊர்ல?” என்று கேளுங்கள். முதலில் உங்களை மாணவனின் அப்பா என்று நினைப்பார். இல்லை, சும்மா பார்க்கத்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார். பரவாயில்லை, தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.