பகல்ல வேலை, ராத்திரி நையாண்டி

ஸ்பெயின்ல காடிஸ்னு ஒரு துறைமுக ஊர். வருஷா வருஷம் திருவிழாவுல 'சிரிகோத்தா' குழுக்கள் இறங்கும். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே மாதிரி வேஷம், கிட்டார், டிரம். அந்த வருஷத்துச் செய்தியெல்லாம் கிண்டல் பாட்டா வரும்.

பெரும்பாலும் அமெச்சூர்கள். பகல்ல வேற பொழப்பு, ராத்திரி மாசக்கணக்கா ஒத்திகை.

1937-ல பிராங்கோ தரப்பு திருவிழாவையே தடை பண்ணுச்சு. அப்புறம் வேற பேர்ல அனுமதிச்சாலும் பாட்டு தணிக்கையைத் தாண்டணும். 1977-லதான் பழைய திருவிழா திரும்புச்சு.

ஜிஹெச் டாக்டருக்கு இதுல என்ன வேலைங்கிறீங்களா? எங்க ஓபி லட்சணம், டிவி காமெடியனைவிட வரிசையில நிக்கிறவருக்குத்தான் தெரியும். அவர் பாடினா சுருக்குனு குத்தும். குத்தட்டுமே!

நானே பாடலாம்தான். அரசு ஊழியர் நடத்தை விதி விடாது. அதனால நீங்க உங்க ஊர் மேடையில பாடுங்க. எங்களையும் சேர்த்தே கலாய்ங்க. டியூட்டி இல்லைன்னா முதல் வரிசையில இருப்பேன்.