தாரா மறைக்கும் நோய்

சென்ற ஞாயிறு மாலை, பம்பலப்பிட்டியில் எமது இல்லத்துக்கு வந்திருந்த மாணவன் ஒருவன், "சேர், பண்ணைத் தாராக்களில் நூற்றுக்கு எத்தனைக்குப் பறவைக் காய்ச்சல் இருக்கும்?" என வினவினான். அடுக்களையிலே தாரா முட்டை அவித்துக்கொண்டிருந்த என் இல்லாளும் செவிசாய்க்கலானார். வினா எளிது, விடையோ எளிதன்று.

கோழிக்கு இந்நோயை மறைக்கத் தெரியாது. எச்5என்1 என்னும் கொடிய கிருமி புகுந்தால், இரண்டொரு நாளிலே கூடு முழுவதும் மாண்டுவிடும். தாராவின் இயல்பு வேறு. சிலவகைக் கிருமிகள் அதனைக் கொல்லும். வேறு சில, குடலிலே தங்கி எச்சத்தோடு நீரிற் கலக்கும். பறவையோ நலமாக நீந்திக்கொண்டிருக்கும். அவ்வாறு 17 நாள் வரை கிருமியை வெளியேற்றிய தாராக்கள் உண்டென 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே, செத்த தாராக்களை எண்ணி நோயின் அளவை அறிதல் இயலாது. உயிரோடிருப்பவற்றையும் சோதித்தல் வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள சான்று கேரளத்துக் குட்டநாடு. அங்குள்ளோரும் இப்பறவையைத் 'தாராவு' என்றே அழைப்பர். கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த வயல்களில் அறுவடை முடிந்ததும், சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய ஆயிரக்கணக்கான தாராக்களை ஓட்டிச் செல்வர். குளிர்காலத்தில் வேற்று நாட்டுப் பறவைகளும் அந்நீர்நிலைகளை நாடி வரும். காட்டுப் பறவையும் வீட்டுப் பறவையும் ஒரே நீரைப் பருகுமிடத்தில் கிருமிக்கு வழி திறந்தே கிடக்கிறது. 2014 இல் எச்5என்1, 2016 இல் எச்5என்8, 2021 இல் தகழி, நெடுமுடி முதலிய ஊர்களில் மீண்டும் எச்5என்8, 2024 இல் எடத்துவா, செறுதனாவில் எச்5என்1 என நோய் திரும்பத் திரும்ப வந்தது.

போபாலிலுள்ள ஆய்வுகூடம் நோயை உறுதிசெய்ததும், சுற்றிலும் ஒரு கிலோமீற்றருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் யாவும் அழிக்கப்படும், நலமானவைக்கும் விலக்கில்லை. 2021 இல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட தாராவுக்கு 200 இந்திய ரூபாயும், குஞ்சுக்கு 100 ரூபாயும் அரசு ஈடாக அறிவித்தது. கடன்பட்டு மந்தை வளர்த்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். உண்மை சொன்னால் மந்தை போகும். வாய் மூடியிருந்தால் நோய் ஊர் ஊராகப் போகும். ஈட்டுத் தொகை குறைந்தாலோ காலந்தாழ்ந்தாலோ மௌனமே இலாபமாகிவிடும். அம்மௌனத்தின் விலையை மனிதரும் கொடுக்க நேரிடும். 1997 இல் ஹொங்கொங்கில் இக்கிருமி தொற்றிய பதினெண்மருள் அறுவர் மாண்டனர்.

இல்லத்தரசியர் அஞ்சவேண்டியதில்லை. உள்ளும் புறமும் 70 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் கிருமி அழியும். மஞ்சட்கரு இறுகும்வரை முட்டையை அவியுங்கள். பச்சை இறைச்சியையும் முட்டையோட்டையும் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

மாணவனுக்கு நான் கூறிய விடை இதுவே: "தம்பி, நீ கேட்ட கணக்கின் ஒரு பாதி ஆய்வுகூடத்தில் இருக்கிறது, மறுபாதி வளர்ப்பவனின் வாயில் இருக்கிறது. உண்மை சொல்பவன் நட்டப்படாத நாட்டிலேதான் சரியான கணக்கு கிடைக்கும்."