அட்டை கலைத்தலும் எமது சிறார்களும்

எமது பாடசாலையில் இடைவேளை மணி அடித்ததும் மாணவர்கள் பையிலிருந்து முதலில் எடுப்பது உணவுப் பெட்டியையன்று, போக்கிமொன் அட்டைக் கட்டையே. இதுவும் ஒருவகைச் சூது, தடை செய்யுங்கள் எனப் பெற்றோர் சிலர் கேட்டுள்ளனர். சூது என்ற குறள் அதிகாரத்தைக் கற்பிக்கும் நாம் அக்கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் பணயம் வைக்காத ஆட்டம் சூதாகாது; தடை வேண்டாம் என்பதே எமது கருத்து. எமக்குக் கவலை தருவது அட்டை கலைக்கப்படும் முறையே.

ஊரில் முந்நூற்றிநாலு ஆடியவர்கள் அறிவர்: அங்கே எல்லோருக்கும் ஒரே கட்டு. ஒருவர் கலைப்பார், மற்றவர் வெட்டுவார், பின்னரே பகிர்வு. 1993 இல் அமெரிக்கக் கணிதவியலாளர் றிச்சர்ட் கார்பீல்ட் உருவாக்கிய மஜிக் ஆட்டமும், 1996 இல் யப்பானில் வெளிவந்த போக்கிமொன் அட்டை ஆட்டமும் இவ்வழக்கை மாற்றின. இவற்றில் ஒவ்வொருவரும் தத்தம் கட்டை வீட்டிலிருந்தே கொண்டுவருகின்றனர். தம் கட்டைத் தாமே கலைக்கின்றனர். சோதனை இங்கேதான் தொடங்குகின்றது.

அடியட்டையை ஓரக்கண்ணால் பார்ப்பதும், அட்டை உறையின் மூலையை மடித்து அடையாளமிடுவதும் களவு என்பதை எட்டு வயதுப் பிள்ளையும் அறியும். அறியாதது மற்றொன்று. கலைப்பதற்கு முன், மூன்று அட்டைக்கு ஒரு சக்தி அட்டை வீதம் இடையிடையே அடுக்கிவிட்டு, மேலோட்டமாக இரண்டு தடவை கலைக்கின்றனர். கேட்டால், "நான் களவு செய்யவில்லை, ஒன்றாகக் கிடந்ததைப் பிரித்து வைத்தேன்" என்பர். அப்பிள்ளை பொய் சொல்லவில்லை, அப்படியே நம்புகின்றது. நாம் கேட்பது ஒன்றே: நன்றாகக் கலைத்தால் அந்த அடுக்கு அழிந்துவிடுமே, பின் ஏன் அடுக்கினாய்? அடுக்கியதற்குப் பயன் கிடைத்ததாயின் நீ கலைக்கவில்லை என்றுதானே பொருள்?

சமமாகப் பரவியிருப்பதே நியாயம் எனச் சிறார்கள் எண்ணுவதும் இதற்கொரு காரணம். தற்செயல் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. 60 அட்டைகளில் 15 சக்தி அட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். செம்மையாகக் கலைத்த பின்னரும், முதலில் எடுக்கும் ஏழு அட்டைகளில் ஒரு சக்தி அட்டையேனும் வராமற்போவது நூற்றுக்கு ஏறத்தாழ 12 தடவை நிகழும். உயர்வகுப்பு மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம்.

எத்தனை தடவை கலைப்பது? கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுமாறு சேர்க்கும் முறையில், 52 சீட்டுகளுக்கு ஏழு தடவை வேண்டும் என டேவ் பேயர், பேர்சி டயக்கோனிஸ் ஆகிய கணிதவியலாளர் இருவர் 1992 இல் காட்டினர். (டயக்கோனிஸ் பதினான்கு வயதில் வீட்டைவிட்டு ஒரு மந்திரவித்தைக்காரருடன் புறப்பட்டவர், சீட்டின் களவுகள் அவருக்குத் தெரியாதவையல்ல.) 60 அட்டைகளுக்கும் ஏழு, எட்டுத் தடவையாவது வேண்டும். மேசையில் குவியல் குவியலாக எண்ணி வைப்பது கலைத்தலாகாது. எந்த அட்டை எங்கு போகும் என்பது அதில் முன்கூட்டியே தெரியும்.

கலைத்த பின் கட்டை எதிராளியிடம் கொடுக்கவேண்டும். அவர் வெட்டலாம், தாமும் கலைக்கலாம். போட்டி விதிகள் இவ்வாறே கூறுகின்றன. எம்மவரிடையே இதற்குத்தான் பெருந்தடை. "என்னை நம்பவில்லையா?" என்று முகம் சிவந்துவிடும். இப்பழக்கம் பிள்ளைகளுக்குப் பெரியோரிடமிருந்தே வந்தது. பரீட்சை மண்டபங்களில் வினாத்தாள் உறையை மாணவர் பார்க்கவே நாம் திறந்தோம். அதனால் எவருடைய மதிப்பும் குறைந்ததில்லை.

கி.பி. 921 இல் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலை முறையில் குடத்தை எல்லோரும் காண உயர்த்திக் காட்டவேண்டும், ஓலைகளைக் குலுக்கவேண்டும், உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் எடுக்கவேண்டும், அதனை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்கவேண்டும். ஊரில் மதிப்புமிக்க பெரியவர்களுக்கே இவ்விதி. விரலிடுக்கில் ஓலை மாறிவிடலாம் என்பதை அன்றே நினைத்துப் பார்த்திருக்கின்றனர்.

எனவே பெற்றோரிடம் எமது வேண்டுகோள் சிறியது. பிள்ளையோடு ஆட அமரும்போது அதன் கட்டை வாங்கி வெட்டுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பின் உங்கள் கட்டையும் பிள்ளையிடம் நீட்டுங்கள்.