நின்றவூரில் யாரும் காணாத கோயில்

பூசலார் நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சுருக்கமாகவே சொல்கிறார். திருநின்றவூர்க்காரரான பூசலாருக்குச் சிவனுக்கு ஒரு கோயில் எழுப்ப ஆசை. எங்கெங்கோ தேடியும் பொருள் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை அமர்த்தி, விமானம், மதில், திருக்குளம் வரை ஒவ்வொன்றாகக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். அவன் கனவில் இறைவன் தோன்றி, அன்று பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைப் பிறகு வைத்துக்கொள் என்றார். அரசன் நின்றவூருக்கு வந்து விசாரித்தபோது, அப்படியொரு கோயிலை ஊரில் ஒருவரும் அறியவில்லை. மன்னன் கட்டியது இன்றைய கைலாசநாதர் கோயில் என்பது மரபு.

புறத்தைவிட அகமே பெரிது என்பதற்கு இக்கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஊரே அறியாத ஒரு மனிதரின் மனத்தை இறைவன் முழுமையாக அறிந்திருந்தார் என்பது. மனிதத் துயரங்களில் பெரும்பகுதி சொல்லில் அடங்காதது. படுத்த படுக்கையான தாயைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் மகளின் களைப்பும், நடுவே எழும் எரிச்சலும், அதற்காக அவள் படும் குற்ற உணர்வும் உடன்பிறந்தவர்களுக்கே முழுதாகத் தெரிவதில்லை. விளக்கிச் சொல்லாமலே எல்லாம் அறிந்த ஒருவர் எப்போதும் உடனிருக்கிறார் என்ற நம்பிக்கை அவளுக்குத் தருவது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. தன்னை நிரூபிக்க வேண்டிய சுமையிலிருந்து அது அவளை விடுவிக்கிறது.

எல்லாவற்றையும் பார்க்கும் கண் அச்சத்தைத்தானே தரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தம் வகுத்த சிறைத் திட்டத்தில், நடுக்கோபுரத்திலிருந்து தன்னைக் காவலர் எந்நேரமும் பார்க்கலாம் என்ற எண்ணமே கைதியை அடக்கிவைக்கும். ஆனால் அந்தக் காவலருக்குக் கைதியின் நடத்தை மட்டும்தான் தெரியும். அவன் ஏன் அழுகிறான் என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கண்காணிப்பு என்பது அரைகுறை அறிவு. முழு அறிவில் பிழையோடு அதன் பின்னணியும், தோல்வியோடு முயற்சியும் அடங்கும். விவிலியத்தின் 139ஆம் சங்கீதம் இந்த அச்சத்தை மறைக்கவில்லை. எங்கே ஓடி ஒளிவேன் என்று தவிக்கும் கவிஞர், முடிவில் தன் உள்ளத்தை ஆராயும்படி தாமே இறைவனை வேண்டுகிறார். உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் உடன் பணியாற்றியோரும் 2001இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே எண்ணத்தக்கது. நோயுற்ற முதியோரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், கடவுள் தங்களைக் கைவிட்டுவிட்டாரோ என்று கலங்கியவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. ஆகவே கடவுள் உண்டு என்று நம்பினால் மட்டும் போதாது. அவர் எத்தகையவர் என்று நம்புகிறோம் என்பதும் முக்கியம். அந்தக் கண்ணைக் காவலரின் கண்ணாக்கிக் குழந்தைகளை மிரட்டும் பெரியவர்கள் பெருந்தவறு செய்கிறார்கள்.

இதெல்லாம் ஆசை பெற்ற கற்பனை என்பார் ஃபிராய்ட். 1927இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். ஆசைப்படுவதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. மேலும், வெறும் ஆசையால் கடவுளைப் படைப்பவர், தம் பொறாமையையும் வஞ்சத்தையும் கண்டுகொள்ளாத ஒருவரையல்லவா படைத்துக்கொள்வார்? இதைவிடக் கடினமானது, எல்லாம் அறிந்தவர் துன்பத்தை ஏன் நீக்குவதில்லை என்ற கேள்வி. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. விடை இருப்பதாகச் சொல்வோரை நம்பவும் முடியவில்லை. பூசலாருக்கும் பொருள் வந்து சேரவில்லை. தம் மனம் அறியப்பட்டதென்று மன்னன் சொல்லித் தெரிந்தபோது அவர் கூசவில்லை, இறைவன் தம்மையும் ஒரு பொருட்டாக எண்ணினாரே என்று உருகினார். குறித்த நல்ல நேரத்தில் குடமுழுக்கை மனத்துக்குள்ளேயே நடத்தினார். அதன்பின் வாழ்ந்த நாளெல்லாம் அந்தக் கோயிலிலேயே பூசை செய்துவந்தார்.