வாய்ப்பூட்டு

எங்கள் திண்டுக்கல்லில் பெருமை பேச விஷயங்கள் பல உண்டு. மலைமேல் கோட்டை இருக்கிறது. தெருவெல்லாம் பிரியாணி மணக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டு இருக்கிறது. 2019-ம் ஆண்டில் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இந்த வாரம் நான் சொல்ல வந்தது வேறு ஒரு பூட்டைப் பற்றி. 1878-ல் வெள்ளைக்கார சர்க்கார் நம் பாஷைப் பத்திரிகைகளுக்குப் போட்ட சட்டத்தை வாய்ப்பூட்டுச் சட்டம் என்கிறோம். அது பேச்சைப் பூட்டியது. நான் சொல்லும் பூட்டு சோற்றைப் பூட்டுவது. பூட்டிக் கொண்டவர் கையிலேயே அதற்குச் சாவி கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் என் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. சதா சிரித்த முகம். ஆண்டு விழா நாடகத்துக்கு வேஷம் பிரித்துக் கொடுத்தபோது, "நீ ஏறினால் மேடை தாங்குமா, அம்மா?" என்று ஹாஸ்யமாகக் கேட்டுவைத்தேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆறு மாதத்தில் அவள் வெகுவாக இளைத்துப்போனாள். "இப்போதுதான் பார்க்க நன்றாயிருக்கிறாய்!" என்று பாராட்டி வேறு வைத்தேன். அடுத்த மாதம் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தாள்.

தாயார் வந்து கண்ணீர் விட்டார். "வீட்டில் எல்லாருக்கும் இவள்தான் பரிமாறுகிறாள், சார். தம்பிக்கு முறுகலாய்த் தோசை வார்த்து ஊட்டுகிறாள். தான் மட்டும் ஒரு வாய் வைக்க மாட்டேன் என்கிறாள். கேட்டால், வயிற்றில் இடமில்லையாம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று வாரத்தில் பாதி நாள் விரதம்."

பேதிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், திருநீறு மந்திரித்தார்கள், வயிற்றைப் படம் எடுத்தார்கள், கோபத்தில் அடித்தும் விட்டார்கள். மதுரையில் ஒரு மனநல வைத்தியரிடம் போன பிறகே வியாதியின் பெயர் தெரிந்தது: அனரெக்ஸியா.

'இதெல்லாம் பணக்கார தேசத்து வியாதி அல்லவா?' என்று நானும் நினைத்தவன்தான். ஆனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள், தங்களிடம் வந்த குழந்தைகளையும் இளம் பிராயத்தினரையும் ஆராய்ந்து 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உணவுக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் மன உளைச்சலால் ஓயாமல் வாந்தி எடுப்பவர்கள்; சோற்றை ஒதுக்கி மெலிந்தவர்களும் இருந்தார்கள். கீழ்த்திசை நாடுகளில் இந்த நோயாளிகளில் பலர், 'பருத்துவிடுவேன்' என்று பயந்து சொல்வதில்லை. 'வயிறு நிறைந்துவிட்டது' என்றே சொல்கிறார்கள். அதனால்தான் நாம் வயிற்று வைத்தியரிடம் ஓடுகிறோம். ஆண்பிள்ளைகளையும் இந்த நோய் விடுவதில்லை.

விரதம் நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1943-ல் காந்தியடிகள் ஆகாகான் மாளிகையில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். நாள் நிறைந்ததும் முடித்தார். விரதத்தை ஆளுபவர் நோற்பவர். இந்த வியாதியிலோ, விரதம் நோற்பவரை ஆளுகிறது.

அது எப்படி என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. யுத்தத்தில் துப்பாக்கி ஏந்த மாட்டோம் என்று மறுத்த 36 அமெரிக்க இளைஞர்கள், 1945-ல் மினசோட்டா சர்வகலாசாலையில் தாங்களாகவே பரிசோதனைக்கு உட்பட்டு, ஆறு மாதம் அரைவயிறு உண்டார்கள். உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. அது மட்டுமா? சிடுசிடுப்பு வந்தது, குளிர் தாங்கவில்லை, வாயைத் திறந்தால் சாப்பாட்டுப் பேச்சு, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள்! திட சித்தமுள்ளவர்களைப் பட்டினியே இப்படி மாற்றியது. அந்த முறுகல் தோசையின் அர்த்தம் இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. ஆகையால் இந்த நோய்க்கு முதல் மருந்து, சோறுதான்.

ஆனால் அதையும் அவசரமாகக் கொடுக்கக் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்தவர் திடீரென்று வயிறார உண்டால், ரத்தத்தில் பாஸ்பேட் முதலான உப்புகள் சரிந்து இருதயமே நின்றுவிடக் கூடும். ஆரம்ப நாட்களில் வைத்தியர் கண்காணிப்பு அவசியம். அளவு மீறி உண்டு ரகசியமாக வாந்தி எடுக்கும் புலிமியா என்ற நோயிலும் இந்த ஆபத்து உண்டு. அவர்கள் உடம்பு இளைத்துத் தெரியாததால் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை.

பிறகு, யார் ஊட்டுவது? 1873-ல் இந்த நோய்க்குப் பெயர் சூட்டிய லண்டன் வைத்தியர் வில்லியம் கல், பந்துக்களும் சிநேகிதர்களுமே இவர்களைப் பராமரிக்க மிகவும் லாயக்கற்றவர்கள் என்று கருதினார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, அதே லண்டனில் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில், 1987-ல் வெளியான பரிசோதனை வேறு கதை சொல்லிற்று. சிறு வயதில் நோய் கண்டு, மூன்று வருஷத்துக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குக் குடும்பத்தோடு சேர்த்துச் செய்த சிகிச்சையே அதிகப் பலன் தந்தது. முதலில் பெற்றோர் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்பது; உடம்பு தேறத் தேற அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுப்பது. இதுதான் முறை.

அந்த வீட்டில் அப்படியே செய்தார்கள். வேளைக்கு வேளை தாயாரோ அத்தையோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. "மருந்து இது, கண்ணு. நேரமாகட்டும், இருக்கிறேன்" என்பதுதான் பேச்சு. ஒரு தட்டு இட்லிக்கு ஒரு மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. எட்டு மாதத்தில் கன்னம் தேறிற்று. ஊரார், "நோய் போய்விட்டது" என்றார்கள். வைத்தியரிடம் போவதும் நின்றது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியதும் பழைய கதை திரும்பியது.

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். எடை தேறினாலும் மனம் தேறப் பின்னும் வெகு காலம் பிடிக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தார் நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அனரெக்ஸியா கண்டவர்களில் ஒன்பது வருஷத்தில் குணமானவர்கள் நூற்றுக்குச் சுமார் 31 பேர்; இருபத்திரண்டு வருஷத்தில் 63 பேர். அவசரக்காரருக்கு இது துக்கச் செய்தி. பொறுமைசாலிக்கு நல்ல செய்தி. பத்து வருஷம் ஆகியும் குணமாகாதவரைக் கைவிடலாகாது என்பதே இதன் தாத்பரியம்.

யாரிடம் போவது என்று திகைக்க வேண்டாம். இப்போது நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே இலவசமாக யோசனை சொல்கிறார்கள்.

என் கேலிதான் அவளுடைய நோய்க்குக் காரணமா என்று வைத்தியரைக் கேட்டேன். "பிறவி சுபாவம், பரம்பரை என்று காரணங்கள் பல, சார். ஒரு சொல்லால் மட்டும் வருவதில்லை. ஆனால் அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை" என்றார்.

அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வைத்தியரிடமும் விடாமல் போய் வருகிறாள். சென்ற தைப்பூசத்தின்போது, பழனிக்கு நடந்து போகும் பக்தர்களுக்காகப் போட்டிருந்த பந்தலில் அன்னம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கூட்டம் ஓய்ந்ததும் தானும் ஓர் இலை போட்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேஷ், நன்றாய்ச் சாப்பிடுகிறாயே!" என்று சொல்ல என் நாக்கு துடித்தது. பூட்டிக் கொண்டேன். "பரீட்சை எப்போது, அம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தேன்.