மின் கோபுரமும் பெரியப்பா தோட்டமும்

மின்சாரம் எவ்வாறு பிறக்கிறது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துச் சிறுவனும் தயங்காமல் சொல்லி விடுவான். அருவி விழுகிறது, சுழலி சுற்றுகிறது, காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் சுழல மின்சாரம் உண்டாகிறது. நிலக்கரியை எரித்தாலும், அணுவைப் பிளந்தாலும், பல்லடம் பக்கத்துக் காற்றாலை சுற்றினாலும் கதை அதுதான். சுற்றி விடுவது யார் என்பதில்தான் வேறுபாடு. (சூரிய ஒளித் தகடு மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராத பிள்ளை.) ஆனால் பிறந்த மின்சாரம் வீடு வந்து சேரும் வழியைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. படத்தில் இங்கொரு கோபுரம், அங்கொரு கோபுரம், நடுவே ஒரு கோடு, அவ்வளவே. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது யாருடைய பூமி என்பதைப் படம் காட்டுவதில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றியே.

கோபுரங்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இயற்பியல் படிக்கிறவன் அப்படிச் சொல்வதும் தகாது. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அதே ஆற்றலை அனுப்பும்போது மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகிறது. இழப்போ நூறில் ஒரு பங்காகக் குறைகிறது! அதனால்தான் லட்சக்கணக்கான வோல்ட்டில் அனுப்பி, துணைமின் நிலையத்தில் படிப்படியாக இறக்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட்டாக்கி நமக்குத் தருகிறார்கள். அழுத்தம் கூடக் கூடக் கம்பி உயரே போக வேண்டும். இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும். 400 கிலோவோல்ட் பாதைக்கு ஏறத்தாழ 46 மீட்டர் அகலம்.

கொங்கு நாட்டை வளர்த்ததும் இந்தக் கம்பிதான். 1932-இல் நீலகிரியின் பைக்காராவில் மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு இறக்கிய பிறகே கோவை ஆலைகள் பெருகின. கிணற்று மேட்டில் கமலை இறைத்த இடத்தில் மோட்டார் வந்தது. இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு நிமிடம் மின்சாரம் நின்றால் எத்தனை பேர் கை கட்டி உட்கார வேண்டும் என்பதை நான் நன்கறிவேன். என் தந்தையார் அங்கே டெய்லர். அவருடைய தமையனார், என் பெரியப்பா, ஊத்துக்குளிப் பக்கம் விவசாயி. அவர் தோட்டத்தில்தான் கோபுரம் நிற்கிறது. ஒரே குடும்பத்தில் ஒருவர் கம்பியால் பிழைக்கிறார்; மற்றொருவர் கம்பிக்கு இடம் கொடுத்துவிட்டு நிற்கிறார்.

“கம்பி அந்தரத்துல போகுதுன்னு சொல்றாங்க, நெழலு என்ற காட்டுலதான உழுகுது?” என்பார் பெரியப்பா. கம்பிக்குக் கீழே தென்னை வைக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது. பூமி அவர் பெயரில்தான் இருக்கிறது. விலைக்குக் கேட்க ஆளில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் கடன் வாங்கியே கோபுரம் நட வழி செய்தது. வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நட எழுதிய சட்டம் அது. நிலத்தை வாங்குவதில்லை, பயன்படுத்திக் கொள்வதுதான். மத்திய அரசின் 2015 நெறிமுறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பிப் பாதைக்கு அதிக அளவாக 15 விழுக்காடும் தரச் சொன்னது. 2024-இல் அவை 200, 30 என உயர்த்தப்பட்டன. நல்ல முன்னேற்றமே, மறுக்கவில்லை. ஆயினும் அது ஒரு முறை தரும் பணம். கோபுரமோ தலைமுறை தலைமுறையாக நிற்கப் போவது. கைப்பேசிக் கோபுரத்துக்கு மாத வாடகை கிடைக்கும் நாட்டில் மின் கோபுரத்துக்கு ஏன் ஆண்டு வாடகை கூடாது?

புதைவடமாகக் கொண்டு போகலாமே என்று 2018 டிசம்பரில் கொங்கு விவசாயிகள் உண்ணாவிரதமிருந்து கேட்டார்கள். அது வெறும் கற்பனையன்று. 2021-இல் தொடங்கி வைக்கப்பட்ட புகளூர் – திருச்சூர் நேர்மின்னோட்டப் பாதை தமிழ்நாட்டில் கோபுரத்தின் மேல் போகிறது; கேரளத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் போகிறது! எனினும் எல்லாப் பாதைக்கும் இது பொருந்தும் என்று வாதிட மாட்டேன். செலவு பல மடங்கு. மாறுமின்னோட்டத்தை நெடுந்தொலைவு புதைவடத்தில் அனுப்புவதில் மின்தேக்குத் திறனின் தொல்லையும் உண்டு. ஆகவே என் கட்சி வாடகைக் கட்சி.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் பாதையின் திறன் 6,000 மெகாவாட். பாதிச் சுமையில் ஓடினாலும் மணிக்கு 30 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஒரு பைசா ஒதுக்கினால் நாளொன்றுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். பைசாவின் அருமை எங்கள் பக்கத்தாருக்குத் தெரியும். மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூவர், 1970 ஜூன் 19 அன்று அருகிலுள்ள பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1990-இல்.

இந்தக் கணக்கைப் பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினேன். “அத்தனையெல்லாம் எதுக்கு கண்ணு? வெட்டுன மரத்துல வருசத்துக்கு என்ன காச்சிருக்குமோ அதைக் குடுத்தாப் போதும்” என்றார். அவர் வெட்டக் கொடுத்தது 11 தென்னை.